மெயிலிங் லிஸ்ட்ல மேல பதில் போட்டு திட்டு வாங்கினேன், இப்ப என் மொபைல் நம்பர் ஆர்க்கைவ்ல மாட்டிக்கிச்சு. அழிக்க வழி இருக்கா?

கறிவேப்பிலை · #1

வணக்கம் மக்களே. கொஞ்சம் நீளமான புலம்பல், டீ எடுத்துட்டு வந்து உக்காந்து படிங்க.

ஒரு ஓப்பன் சோர்ஸ் டேட்டாபேஸ் டூல், பேரு வேணாம், எங்க டீம்ல தினமும் அதுல தான் பொழப்பு ஓடுது. பேக்கப் எடுக்கறப்ப ஒரு பக் மாட்டுச்சு, நானே ரெண்டு நாள் மண்டைய உடைச்சு எந்த ஃபங்ஷன்ல இடிக்குதுங்கற வரைக்கும் புடிச்சுட்டேன், சரி நல்ல காரியம் பண்ணுவோம்னு அவங்க மெயிலிங் லிஸ்டுக்கு (ஒரு மெயில் போட்டா உறுப்பினர் எல்லாருக்கும் போகும், வெப்ல ஆர்க்கைவாவும் நிக்கும்) ஆபீஸ் ஐடில இருந்தே ஒரு மெயில் தட்டிவிட்டேன். வாழ்க்கைல முதல் மெயிலிங் லிஸ்ட் மெயில். பாக்க அழகா இருக்கட்டும்னு தலைப்பெல்லாம் போல்டு, எரர் வர்ற வரி சிவப்பு கலர், லாகை ஸ்கிரீன்ஷாட் எடுத்து நடுவுல ஒட்டி, கல்யாணப் பத்திரிகை கணக்கா ரெடி பண்ணி அனுப்பினேன்.

முதல் பதில் ஒரே வரி: பிளெயின் டெக்ஸ்ட்ல (கலர், போல்டு இல்லாத வெறும் எழுத்து) அனுப்புங்க. நான் சாரி சொல்லி ரிப்ளை தட்டினேன், வழக்கம் போல மேலயே. அதுக்கு வந்த பதில்: டாப் போஸ்ட் பண்ணாதீங்க (பழைய மெயிலுக்கு மேல பதில் எழுதாதீங்கன்னு அர்த்தம்). மூணாவது ஆளு தான் பக் பத்தியே பேசினாரு.

சரி அது முடிஞ்ச கதை. போன வாரம் சும்மா என் பேரை கூகுள்ல போட்டேன், முதல் ரிசல்ட்டே அந்த மெயில். அடியில ஆபீஸ் சிக்னேச்சர், அதுல என் மொபைல் நம்பர். லோன் வேணுமா மேடம்னு ஏன் திடீர்னு இவ்வளவு கால் வருதுன்னு அப்பத் தான் உறைச்சுது. லிஸ்ட் ஓனருக்கு எழுதி அந்த மெயில அழிச்சிருங்கன்னு கேட்டேன். ஆர்க்கைவ்ல இருந்து எதையும் எடுக்கறதில்ல, அது எங்க பாலிசின்னு ரெண்டு வரில முடிச்சுட்டாங்க.

கேள்வி ரெண்டு. ஒரு மெயில் எந்த ஷேப்ல வந்தா இவங்களுக்கு என்ன? என் நம்பரை எடுக்க மாட்டேன்னு சொல்ல இவங்க யாரு?

---

மொட்டைமாடி · #2

வெல்கம் டு 1995 😂 அந்த அங்கிள்ஸ் எல்லாம் இன்னும் கருப்பு ஸ்கிரீன்ல பச்சை எழுத்துல தான் மெயில் படிக்கறாங்க. கண்டுக்காதீங்க.

---

டெர்மினல்தாத்தா · #3

மாடி தம்பி கிண்டலுக்குச் சொன்ன வருஷம் சரியா தான் இருக்கு. ஆர்எஃப்சி 1855ன்னு மெயில் நாகரிகத்துக்குன்னே ஒரு டாக்குமென்ட், 1995 அக்டோபர்ல வந்தது. வரி 65 எழுத்துக்குள்ள இருக்கணும், கையெழுத்துப் பகுதி நாலு வரிக்கு மேல போகக் கூடாதுன்னு அப்பவே சொல்லிட்டாங்க. நாலு வரி. உங்க ஆபீஸ் சிக்னேச்சர் எத்தனை வரிம்மா கறிவேப்பிலை?

நான் ஒரு ஊர்ல யூசர் குரூப் லிஸ்ட் ஒண்ணை பதினோரு வருஷம் மெயில்மேன்ங்கற லிஸ்ட் மென்பொருள்ல ஓட்டினவன், மாசம் ஒண்ணாந்தேதி ஆனா எல்லார் பாஸ்வேர்டையும் அப்படியே திறந்த மெயில்ல நினைவூட்டலா அனுப்பும் பாருங்க அந்தப் பழைய மெயில்மேன் 2, அதே தான். அதனால திட்டு வாங்கின பக்கமும் திட்டின பக்கமும் ரெண்டும் எனக்குத் தெரியும். ஒரு வரில மூஞ்சில அடிச்ச மாதிரி சொன்னது தப்பு தான், ஆனா சொன்ன விஷயம் தப்பில்ல.

ஆபீஸ் மெயில்ல ரெண்டு பேருக்கும் முன்கதை தெரியும். சரி ஓகே அனுப்பறேன்னு மேல ஒரு வரி போட்டா போதும், கீழ இருக்கற நாப்பது மெயில் சங்கிலிய எவனும் படிக்கப் போறதில்ல, ஆடிட் வந்தா பாத்துக்கலாம்னு கிடக்கும். லிஸ்ட்ல அப்படி இல்ல. நீங்க அந்த மூணாவது ஆளுக்கு மட்டும் எழுதல. ஆறு வருஷம் கழிச்சு ராத்திரி ரெண்டு மணிக்கு அதே எரர் மெசேஜை கூகுள்ல ஒட்டி, கண்ணு எரிய எரிய தேடிட்டு வருவான் பாருங்க ஒருத்தன், அவனுக்கும் சேத்து எழுதறீங்க. அவன் வர்றப்ப உங்க த்ரெட்டோட முதல் மெயில்ல வந்து இறங்க மாட்டான், நட்டநடுவுல அஞ்சாவது மெயில்ல தான் வந்து விழுவான். அங்க மேல "ஆமா அதே தான், வேலை செய்யுது, நன்றி"ன்னு மட்டும் இருந்தா எது அதே, எது வேலை செஞ்சுதுன்னு அவன் எங்க போய்த் தேடறது.

ஸ்கிரீன்ஷாட்ல இருக்கற எரர் மெசேஜ் தேடல்ல சிக்காது. அது போட்டோ. பல லிஸ்ட்ல ஆர்க்கைவ் மென்பொருள் அட்டாச்மென்டைக் கழட்டி ஓரமா வெச்சிரும், இல்ல தூக்கியே போட்டுடும். உங்க சிவப்பு கலரும் அப்படித்தான், பிளெயின் டெக்ஸ்டா மாறுறப்ப போயிடும், "கீழ சிவப்புல காட்டின வரிய பாருங்க"ன்னு எழுதியிருந்தா அந்த வாக்கியம் மட்டும் அனாதையா நிக்கும். (கண்டிப்பா எழுதியிருப்பீங்க.)

டாப் போஸ்டிங் பத்தி லிஸ்ட்காரங்க கிட்ட பழைய ஜோக் ஒண்ணு சுத்தும், நம்ம பாணில சொன்னா:

> ஏன்னா பதிலுக்கு அப்புறம் கேள்வி வந்தா படிக்கறவனுக்கு ஒண்ணும் புரியாது.
>> ஏன் மேல பதில் எழுதக் கூடாதுங்கறாங்க?

அவ்ளோ தான் விஷயம். ரெண்டாவது கேள்விக்கு அப்புறம் வர்றேன், பேத்திய ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வரணும்.

---

சாம்பார்வடை · #4

> மாடி தம்பி கிண்டலுக்குச் சொன்ன வருஷம் சரியா தான் இருக்கு. ஆர்எஃப்சி 1855ன்னு மெயில் நாகரிகத்துக்குன்னே ஒரு டாக்குமென்ட், 1995 அக்டோபர்ல வந்தது. வரி 65 எழுத்துக்குள்ள இருக்கணும், கையெழுத்துப் பகுதி நாலு வரிக்கு மேல போகக் கூடாதுன்னு அப்பவே சொல்லிட்டாங்க. நாலு வரி. உங்க ஆபீஸ் சிக்னேச்சர் எத்தனை வரிம்மா கறிவேப்பிலை?

சூப்பர் தாத்தா 👏👏

---

மொட்டைமாடி · #5

வடை, தேவையில்லாததை வெட்டிட்டு கோட் பண்ணணும்னு தான் மனுஷன் மேல மூச்சு விடாம சொல்லிட்டு இருக்காரு 😂

---

வண்டிமாடு · #6

நான் லினக்ஸோட மையமான கெர்னலுக்கு டிரைவர் பேட்ச் (கோட் திருத்தம்) அனுப்பற பொழப்பு. அங்க இதெல்லாம் நாகரிகம் கூட இல்லங்க, வேலையே அதுல தான் நிக்குது. எச்டிஎம்எல் மெயில் (கலர், போல்டு எல்லாம் வர்ற மெயில்) போனா லிஸ்ட் சர்வரே வாங்காது, அதுலயும் நீங்க எச்டிஎம்எல்ல அனுப்பறோம்னு உங்களுக்கே தெரியாது, ஏன் யாருமே பதில் போடலன்னு ரெண்டு வாரம் காத்துட்டு இருப்பீங்க.

காரணம் என்னன்னா அங்க மெயில் தான் கோட். பேட்ச் மெயிலோட உடம்புலயே இருக்கும். ரிவ்யூ பண்றவர் ரிப்ளை தட்டி, உங்க கோட்ல அந்தக் குறிப்பிட்ட வரிக்குக் கீழயே "இங்க லாக் எடுக்காம ஏன் தொடறீங்க"ன்னு எழுதுவார். மெயின்டெய்னர் அதே மெயில அப்படியே கிட்ங்கற கோட் நிர்வாக மென்பொருளோட ஏஎம் கமாண்டுக்குக் குடுத்தா பேட்ச் உள்ள போயிடும். நடுவுல மெயில் ஆப் ஒரு டேபை எட்டு ஸ்பேஸா மாத்திச்சுன்னா முடிஞ்சுது, பாக்க ஒரே மாதிரி தான் தெரியும், பேட்ச் ஒட்டாது. ஜிமெயில் வெப்ல இருந்து பேட்ச் அனுப்பாதீங்கன்னு கெர்னல் டாக்குமென்டேஷன்லயே எழுதி வெச்சிருக்காங்க: டேபை ஸ்பேஸாக்கும், 78 எழுத்துல வரிய உடைக்கும், ஆங்கிலம் தாண்டி ஒரு எழுத்து இருந்தா மொத்தத்தையும் பேஸ்64ங்கற, மனுஷன் படிக்க முடியாத எழுத்துக் குவியலா சுத்திரும். அதனால தான் எல்லாரும் கிட் சென்ட்-ஈமெயில் கமாண்ட்ல அனுப்பறாங்க.

அப்புறம் அந்த ஆபீஸ் ஃபுட்டர், "இந்த மெயில் ரகசியமானது, தவறுதலாக வந்திருந்தால் அழித்துவிடவும்"னு பன்னெண்டு வரி வருமே. உலகமே படிக்கற லிஸ்டுக்கு அனுப்பிட்டு ரகசியம்னா என்ன அர்த்தம். சிரிக்கறதுக்கு மட்டும் சொல்லல, அந்த ஃபுட்டரோட வர்ற பேட்சை கெர்னல்ல எடுத்துக்க மாட்டாங்க, ஏன்னா ரகசியம்னு நீங்களே எழுதிக் குடுத்ததை எப்படி ஓப்பன் லைசென்ஸ்ல சேக்கறது.

இன்னொண்ணு, ஒரு லிஸ்ட்ல கத்துக்கிட்டதை அடுத்த லிஸ்ட்ல கண்ண மூடிட்டு செய்யாதீங்க. கெர்னல்ல ரிப்ளை-ஆல் தான் மரியாதை, சிசில இருக்கறவங்களை கழட்டி விட்டா கோவம் வரும், ஏன்னா பாதிப் பேர் லிஸ்ட்ல சேராமலே பேசுவாங்க. டெபியன்னு இன்னொரு லினக்ஸ் ப்ராஜெக்ட், அவங்க லிஸ்ட்ல தலைகீழ், கேக்காம தனியா ஒரு காப்பி அனுப்பாதேன்னு விதியே இருக்கு. நான் அங்க போய் இந்தப் பழக்கத்துல எல்லாரையும் சிசில போட்டு வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

---

மொட்டைமாடி · #7

சரி பேட்சுக்கு ஓகே, ஒத்துக்கறேன். ஆனா சாதாரண பேச்சுக்கும் ஒவ்வொரு வரியயும் 72 எழுத்துல மடக்கி எண்டர் தட்டுன்னு பல லிஸ்ட்ல சொல்றது கொடுமை. இப்ப எல்லாரும் போன்ல தான் படிக்கறோம். போன்ல ஒரு வரிக்கு நாப்பது அம்பது எழுத்து தான் நிக்கும், அந்த 72 எழுத்து வரி மடங்கி ஒரு நீள வரி, அடுத்தது முக்கால் வரி, மறுபடி நீள வரி, பல்லு போன சீப்பு மாதிரி தெரியுது. அங்கிள்ஸ் ஸ்கிரீனுக்கு அழகா இருக்கணும்னு என் ஸ்கிரீன் நாசமா போகணுமா?

அதுவும் இல்லாம போன் ஆப் பாதில பிளெயின் டெக்ஸ்ட்னு ஒரு பட்டனே கிடையாது. அப்ப லேப்டாப் இல்லாதவன் பேசவே கூடாதா

---

டெர்மினல்தாத்தா · #8

மாடி தம்பி இந்த ஒரு பாயின்ட்ல நீ சொல்றது சரி, மறுக்க மாட்டேன். இதுக்கு மருந்தும் கண்டுபிடிச்சாங்க, ஃபார்மட்-ஃப்ளோடுன்னு, 1999ல முதல்ல வந்து 2004ல ஆர்எஃப்சி 3676ஆ திருத்தினாங்க. வரி முடிவுல ஒரு ஸ்பேஸ் விட்டா இது சும்மா மடக்கினது, உன் ஸ்கிரீனுக்கு ஏத்த மாதிரி சேத்துக்கோன்னு அர்த்தம். நல்ல ஐடியா தான், ஆனா மெயில் ஆப்காரங்க பாதிப் பேர் கண்டுக்கல, கெர்னல்காரங்க பேட்ச் கெடுதுன்னு வேண்டவே வேண்டாம்னுட்டாங்க. நல்ல மருந்து, குடிக்க ஆளில்ல.

கையெழுத்துக்கு மேல ரெண்டு கோடு போட்டு ஒரு ஸ்பேஸ் விடற பழக்கம் இருக்கே, அதுவும் அந்த ஆர்எஃப்சில இருக்கு. அந்த ஸ்பேஸ் ரொம்ப முக்கியம். அது இருந்தா ரிப்ளை தட்டறப்ப நல்ல ஆப் எல்லாம் அதுக்குக் கீழ இருக்கறதை தானே வெட்டிடும். கறிவேப்பிலை, உன் ஆபீஸ் சிக்னேச்சருக்கு மேல அந்தக் கோடு இருந்திருந்தா மத்தவங்க பதில்ல எல்லாம் உன் நம்பர் திரும்பத் திரும்ப வந்திருக்காது. ஒரு தடவை தேடிப் பாரு, உன் மெயில்ல மட்டும் இருக்காது அந்த நம்பர்.

---

கறிவேப்பிலை · #9

ஐயோ தாத்தா. இப்ப தான் பாத்தேன். அஞ்சு இடத்துல இருக்கு. என் முதல் மெயில், என் சாரி மெயில், அதுக்கு மேல பதில் போடாதேன்னு திட்டினவர் என் மெயில முழுசா கோட் பண்ணியிருக்காரு (அவரு வெட்டலாமா வேணாமா?? எனக்கு மட்டும் தான் ரூலா??), அப்புறம் இன்னும் ரெண்டு பேர்.

---

சுண்டிக்குளி · #10

உங்கட கதை இங்கிலீசு மெயில் தானே. தமிழிலை மெயில் எழுதுற ஆக்களுக்கு இதுக்கு மேலாலையும் ஒரு தலையிடி இருக்குது, கொஞ்சம் திசை மாறினாலும் பரவாயில்லை எண்டு சொல்லுறன்.

யூடிஎஃப்-8ல (கம்ப்யூட்டரிலை எழுத்தைச் சேமிக்கிற முறை) ஒரு தமிழ் குறிக்கு மூண்டு பைட். "தமிழ்" எண்ட சொல்லு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி எண்டு அஞ்சு குறி, ஆக 15 பைட். மெயில் தரத்திலை ஒரு வரி 998 பைட்டுக்கு மேலை போகேலாது, 78க்குள்ளை நிண்டால் நல்லம் எண்டு ஆர்எஃப்சி 5322 சொல்லுது. இங்கிலீசிலை 998 எண்டா ஒரு பக்கம் பாதி. தமிழிலை 332 குறியிலை முடிஞ்சுது, அது ஒரு சின்னப் பந்தி. எண்டர் தட்டாமல் எழுதிற ஆக்கள் (மேலை உள்ள எல்லாரும் தான்) அதை லேசாத் தாண்டிடுவினம்.

அதுக்காக ஆப் தானாகவே கோட்டட்-பிரின்டபிள் எண்ட முறைக்கு மாத்தும். அதிலை ஒவ்வொரு பைட்டும் சமன் குறியும் ரெண்டு எழுத்துமா மூண்டாகும். அப்ப ஒரு தமிழ் குறிக்கு ஒன்பது எழுத்து. "தமிழ்" 45 எழுத்து. ஒரு வரிக்கு 76 தான் இடம், ஆகவே எட்டுக் குறியிலை வரி முடியும். ஆப் திருப்பி விரிச்சுக் காட்டேக்கை பிரச்சினை இல்லை, ஆனால் ஆர்க்கைவிலை உள்ள மூல மெயிலைக் கிறெப் பண்ணித் தேடிப் பாருங்கோ, "தமிழ்" எண்டு ஒண்டும் அம்பிடாது. பேஸ்64ல இன்னும் மோசம், அதே சொல்லு 20 எழுத்திலை அடங்கும், ஆனால் அந்தச் சொல்லு எந்த இடத்திலை தொடங்குது எண்டதைப் பொறுத்து வேற வேற மாதிரி வரும்.

அதுக்கும் முந்தின காலம் ஒண்டு இருந்தது. 97, 98 வாக்கிலை தமிழ்.நெட் மெயில் லிஸ்டிலை உலகம் முழுக்க இருந்த ஆக்கள் மெயிலிலையே கதைச்சுக் கதைச்சு உருவாக்கினது தான் திஸ்கி குறியேற்றம். ஒவ்வொரு எழுத்துக்கும் எந்த இடம் எண்டு சண்டை பிடிச்சதும் மெயிலிலை, ஒத்துக்கொண்டதும் மெயிலிலை. பிறகு 1999 பெப்ரவரியிலை சென்னையிலை நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டோடை டாம், டாப் எண்டு வேற ரெண்டு குறியேற்றம் வந்தது. அந்தக் காலத்துத் திஸ்கி மெயிலை இப்ப திறந்தால், ஹெட்டரிலை லத்தீன்-1 (ஐரோப்பிய எழுத்துக்கான குறியேற்றம்) எண்டு கிடக்கும், "தமிழ்" எண்ட சொல்லு முக்கால் எண்ட பின்னம், தலையிலை கோடு போட்ட ஏ, சென்ட் காசுக் குறி, கோடு போட்ட யூ எண்டு நாலு எழுத்தாத் தெரியும். அழிஞ்சு போகேல்லை, கன்வெர்ட்டரிலை போட்டால் வந்திடும். ஆனால் அது திஸ்கி எண்டு அடையாளம் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் வேணும். கூகுளுக்குத் தெரியாது.

---

சாம்பார்வடை · #11

இந்த இழை இப்படி போகும்னு நினைக்கவே இல்ல, நோட்ஸ் எடுத்துட்டு இருக்கேன்

---

பூட்டுசாவி · #12

எல்லாரும் முதல் கேள்விலயே நிக்கறீங்க, அவங்களுக்கு எரியறது ரெண்டாவது தான். ஒரு பொண்ணோட நம்பர் ஓப்பனா கிடக்கு, கண்டவன் கால் பண்றான், பாலிசின்னு ஒரு வார்த்தைல கையக் கழுவினா எப்படி?

ஐரோப்பால இருக்கற ப்ராஜெக்ட்னா ஜிடிபிஆர்னு தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, 2018 மே 25ல இருந்து அமல்ல இருக்கு, 17வது பிரிவு அழிக்கக் கேக்கற உரிமை. ஆனா அதுலயே கருத்துச் சுதந்திரம், பொதுநலனுக்கான ஆர்க்கைவ்னு விலக்கும் இருக்கு, அதனால கேட்ட உடனே மொத்த மெயிலும் போயிடும்னு நினைக்காதீங்க. ஆனா ஒரு போன் நம்பரை வெச்சிருக்கறதுல எந்தப் பொதுநலனும் இல்ல, அத அவங்க வாதாடவே முடியாது.

நம்ம ஊர் 2023 டேட்டா சட்டத்தை நம்பிப் போகாதீங்க. நாமே பொதுவெளில போட்ட தகவலுக்கு அந்தச் சட்டம் பொருந்தாதுன்னு அதுலயே இருக்கு. ஆபீஸ் சிஸ்டம் தானா ஒட்டின சிக்னேச்சர், நானா போடலன்னு வாதாடலாம், ஆனா அத வெச்சு ஒரு லிஸ்ட் அட்மின் கூட கோர்ட்டுக்கா போகப் போறீங்க.

அதனால "மெயில அழி"ன்னு கேக்காதீங்க, "நம்பரை மறை"ன்னு கேளுங்க. ரெண்டும் வேற வேற கோரிக்கை, முதல்ல கேட்டதுக்கு இல்லன்னவங்க ரெண்டாவதுக்கு சரிம்பாங்க.

---

டெர்மினல்தாத்தா · #13

பூட்டுசாவி சொன்னது தான் வழி. ஏன் அழிக்க மாட்டேங்கறாங்கன்னு அட்மின் பக்கத்துல இருந்து சொல்றேன், நான் ஒரு தடவை அழிச்சு கெட்டவன்.

பழைய மெயில்மேன்ல பைப்பர்மெயில்னு தான் ஆர்க்கைவ். ஒவ்வொரு மெயிலுக்கும் வரிசையா ஒரு நம்பர் குடுத்து பக்கம் பண்ணும், 001234, 001235ன்னு. மூலம் எல்லாம் ஒரே பெரிய எம்பாக்ஸ் ஃபைல்ல இருக்கும். ஒருத்தர் ரொம்பக் கெஞ்சினார்னு நான் எம்பாக்ஸ்ல இருந்து அவர் மெயிலை மட்டும் தூக்கிட்டு ஆர்க்கைவை மறுபடி கட்டினேன். என்ன ஆச்சு? அதுக்கு அப்புறம் வந்த அத்தனை மெயிலுக்கும் நம்பர் ஒண்ணு குறைஞ்சு போச்சு. அஞ்சு வருஷமா வெளில ஜனங்க குடுத்திருந்த லிங்க் எல்லாம் பக்கத்து மெயிலுக்குப் போகுது. பிரின்டர் ஓட மாட்டேங்குதுன்னு கேட்டவனுக்கு யாரோ குடுத்த லிங்கைத் தட்டினா பொங்கல் மீட்டிங்குக்கு யார் யார் வர்றீங்கங்கற மெயில் வருது.

அதோட விட்டுச்சா. எம்பாக்ஸ்ல ஒரு மெயில் எங்க தொடங்குதுன்னு காட்ட "ஃப்ரம்" ஸ்பேஸ்னு தொடங்கற வரி தான் அடையாளம். எவனோ தன் மெயில் நடுவுலயே ஃப்ரம்னு ஒரு வாக்கியத்தைத் தொடங்கியிருந்தா, அதுக்கு முன்னாடி ஒரு அம்புக்குறி போட்டு தப்பிக்க வைக்கணும். எங்க சிஸ்டம் ஆரம்பத்துல அத செய்யல. மறுபடி கட்டினப்ப ஒரே மெயில் ரெண்டா மூணா உடைஞ்சு, அனுப்பினவர் பேரே இல்லாத குட்டி மெயில்களா பொறந்து, நம்பர் இன்னும் தள்ளிப் போச்சு. மூணு ராத்திரி தூக்கம் போச்சுங்க. பேக்கப் இருந்ததால பழையபடி வெச்சேன்.

அன்னைக்கு வெச்ச விதி: எந்த மெயிலையும் தூக்கறதில்ல. உள்ள இருக்கற தனிப்பட்ட விவரத்தை மட்டும் எக்ஸ் எக்ஸ் எக்ஸ்னு மாத்தி, மெயில் இருந்த இடத்துலயே இருக்கும். ஆனா அந்த ரெண்டாவது பாதிய அவங்க உனக்குச் சொல்லாம விட்டது தான் தப்பு. அதுவும் நாலு மாசத்துல நூறு பேர், என் எக்ஸ் மேனேஜர் பாத்துட்டான், என் பழைய முட்டாள்தனமான கேள்வி இன்டர்வியூல மாட்டிக்கும்னு அழிக்கச் சொல்லி வருவாங்க, அந்த சலிப்புல ரெண்டு வரி பதில் தான் வரும். நியாயம்னு சொல்லல.

---

ஸ்டோரேஜ்_சிவகாமி · #14

தாத்தா சொன்ன நம்பர் பிரச்சனைக்கு இப்ப வழி வந்தாச்சு, அதனால தான் புது ஆர்க்கைவ்கள் மெசேஜ்-ஐடிய வெச்சே லிங்க் குடுக்குது. ஒவ்வொரு மெயிலும் பொறக்கறப்பவே ஒரு ஐடியோட தான் பொறக்கும், ஆர்க்கைவ் எங்க மாறினாலும் அது மாறாது. கெர்னலோட லோர்ங்கற ஆர்க்கைவ் அப்படித் தான், உள்ள பப்ளிக்-இன்பாக்ஸ்னு ஒரு மென்பொருள், மெயில் எல்லாத்தையும் கிட் ரெப்போவாவே வெச்சிருக்கும், யார் வேணா முழுசா கிளோன் பண்ணி (நகல் எடுத்து) வீட்டுல வெச்சுக்கலாம். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்காரங்க கமிட் மெசேஜ்ல (கோட் மாத்தறப்ப கூடவே எழுதற குறிப்பு) "டிஸ்கஷன்"னு போட்டு மெசேஜ்-ஐடி லிங்க் ஒண்ணு குடுப்பாங்க, அந்த வரி ஏன் இப்படி மாறுச்சுங்கற மொத்த சண்டையும் அங்க இருக்கும்.

இந்த அறிவு அடிபட்டு வந்தது. கிமேன்னு ஒரு ஆர்க்கைவ், நார்வேல ஒருத்தர் 2002ல இருந்து தனியா ஓட்டினாரு, ஆயிரக்கணக்கான லிஸ்ட் அதுல. 2016 ஜூலைல இனி முடியலன்னு வெப் பக்கத்தை மூடிட்டாரு. கிட் ப்ராஜெக்ட் கமிட் மெசேஜ்ல எல்லாம் கிமேன் லிங்க் தான் போட்டிருந்தாங்க, ஒரே நாள்ல எல்லாம் செத்த லிங்க். அவர் மேல தப்பே இல்லங்க, ஒரு மனுஷன் எத்தனை வருஷம் இழுப்பான்.

நமக்கும் ஒண்ணு இருக்கு. மரத்தடி, ராயர் காபி கிளப் மாதிரி தமிழ்க் குழுக்கள் எல்லாம் யாஹூ குரூப்ஸ்ல தான் இருந்துச்சு. யாஹூ 2019 அக்டோபர்ல புதுசா எதுவும் ஏத்த முடியாதுன்னு சொல்லி, பழசு எல்லாம் டிசம்பர்ல அழியும்னாங்க, அப்புறம் 2020 ஜனவரி 31 வரைக்கும் டவுன்லோட் பண்ணிக்கோங்கன்னு தவணை குடுத்தாங்க, 2020 டிசம்பர்ல மொத்தக் கடையயும் இழுத்து மூடிட்டாங்க. இங்க அழிக்க மாட்டேங்கறாங்கன்னு ஒருத்தர் அழறாங்க, அங்க அழிச்சுட்டாங்களேன்னு நான் அழுதுட்டு இருக்கேன்.

ஆனா கறிவேப்பிலைக்கு ஒரு கெட்ட செய்தி. யார் வேணா கிளோன் பண்ணலாம்னா, பண்ணியிருப்பாங்க. லிஸ்ட் சைட்ல மறைச்சாலும் மிரர் சைட்ல (அதே ஆர்க்கைவோட நகல் வெச்சிருக்கற சைட்) இருக்கும். ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா எழுதணும். முதல்ல பெரிசை முடிங்க, அப்புறம் கூகுள்ல உங்க நம்பரையே போட்டுத் தேடி வர்றதை ஒண்ணொண்ணா.

---

கறிவேப்பிலை · #15

எல்லாருக்கும் நன்றி. இப்படி எழுதியிருக்கேன், பாத்து சொல்லுங்க. தாத்தா பயப்படாதீங்க, பிளெயின் டெக்ஸ்ட், பர்சனல் ஐடில இருந்து, சிக்னேச்சர்ல பேரு மட்டும்.

> ஆர்க்கைவ்ல இருந்து மெயில்களை நாங்கள் நீக்குவதில்லை.

புரியுது, மெயில நீக்க வேணாம். பின்வரும் அஞ்சு மெயில்ல என் மொபைல் நம்பர் இருக்கு, அந்தப் பத்து இலக்கத்தை மட்டும் எக்ஸ் போட்டு மறைக்கணும். அஞ்சோட மெசேஜ்-ஐடியும் கீழ குடுத்திருக்கேன். இந்த நம்பருக்கு தேவையில்லாத அழைப்புகள் வருது.

(இங்க தமிழ்ல போட்டிருக்கேன், அனுப்பறது இங்கிலீஷ்ல.)

---

வண்டிமாடு · #16

பக்கா. அழகா வெட்டி கீழ பதில் போட்டிருக்கீங்க, இந்த ஷேப் பாத்தே அட்மினுக்கு பாதி கோவம் போயிடும். ஒண்ணே ஒண்ணு, அந்த மெயில லிஸ்ட் அட்ரஸுக்கு அனுப்பிடாதீங்க, ஓனர் அட்ரஸுக்கு. லிஸ்டுக்கே அனுப்பினா இதுவும் ஆர்க்கைவ் ஆயிடும்.

---

கறிவேப்பிலை · #17

பன்னெண்டு நாள் கழிச்சு அப்டேட். ஓனர் மூணாம் நாளே பதில் போட்டாரு, ரொம்ப மரியாதையா, முன்னாடி சுருக்கமா சொன்னதுக்கு வருத்தம் கூட தெரிவிச்சாரு. அஞ்சுலயும் நம்பர் எக்ஸ் ஆயிடுச்சு. மிரர் ரெண்டுல ஒண்ணு மறைச்சுட்டாங்க, இன்னொண்ணு பதிலே இல்ல, ரெண்டு தடவை எழுதியாச்சு. லோன்காரங்க கால் நிக்கல, அது வேற கணக்கு போல.

இன்னொண்ணு. அந்த பக்கை சரி பண்ணி நேத்து கமிட் போட்டிருக்காங்க. கமிட் மெசேஜ்ல "ரிப்போர்ட் பண்ணது"ன்னு என் பேரு, அதுக்குக் கீழ ஒரு லிங்க். தட்டிப் பாத்தா என் முதல் மெயில், அந்தக் கல்யாணப் பத்திரிகை. போல்டும் சிவப்பும் போய், ஸ்கிரீன்ஷாட் இருந்த இடத்துல அட்டாச்மென்ட் நீக்கப்பட்டதுன்னு ஒரு வரி, "கீழே சிவப்பில் உள்ள வரியைப் பார்க்கவும்"னு ஒரு அனாதை வாக்கியம். தாத்தா நீங்க சொன்ன மாதிரியே. அந்த எரர் லாகை டெக்ஸ்டா இன்னொரு மெயில்ல அதே த்ரெட்ல இப்ப போட்டுட்டேன், ராத்திரி ரெண்டு மணிக்கு வர்றவனுக்கு.

---

டெர்மினல்தாத்தா · #18

புதுசா போட்ட மெயில பாத்தேன். கீழ பதில் போட்டிருக்க, வெட்டியிருக்க, 72ல மடக்கியிருக்க. சந்தோஷம்மா.

---

மொட்டைமாடி · #19

போன்ல பாத்தேன். பல்லு போன சீப்பு.

---

புதுவரவு_2 · #20

எனக்கும் இதே பிராப்ளம் தான் சார், வேற ஒரு லிஸ்ட்ல என் நம்பர் மாட்டிக்கிச்சு, யாராச்சும் ஹெல்ப் பண்ணுங்க ப்ளீஸ், என்னோட நம்பர் ▇▇▇▇▇▇▇▇▇▇ வாட்ஸப் பண்ணுங்க

(பத்து இலக்கம் மாடரேட்டரால் மறைக்கப்பட்டது. தம்பி, மேல ஒரு பதிவாவது படிச்சியாப்பா?)